ஓட்டைக் குத்தின குஞ்சுக்கு எப்போ கை கொடுக்கணும்?

மாரியூர், வாலிநோக்கம், சாயல்குடி பக்கம் வீட்டுலயே இன்குபேட்டர் வச்சு நாட்டுக்கோழிக் குஞ்சு எடுக்கிற அக்காமார், அண்ணன்மாருக்கு 21ஆம் நாள் வந்தா ஒரே தவிப்பு. "குஞ்சு ஓட்டைக் குத்திருச்சு, உள்ள கத்துது, வெளிய வரமாட்டேங்குது. உடைச்சு விடவா?"

பொறுங்க. குத்தின குஞ்சு சும்மா கிடக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா அப்பத்தான் நுரையீரல் மூச்சு வாங்கப் பழகுது. சவ்வுல ஓடுற ரத்தம் உடம்புக்குத் திரும்புது. மிச்ச மஞ்சக்கரு தொப்புள் வழியா வயித்துக்குள்ள போகுது. இதுக்கு 12 மணி நேரமும் ஆகும், 24 மணி நேரமும் ஆகும். அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் கசியும், குஞ்சு தங்காது. மூடியை அடிக்கடி திறந்து பார்க்கவும் வேணாம். ஈரம் போயி, பக்கத்து முட்டையில சவ்வு காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கிரும்.

குத்தி ஒரு நாள் முழுசா ஆயும் ஓட்டை பெருசாகலையா? சவ்வு பழுப்பேறி இறகோட ஒட்டிருச்சா? அப்போ கை வைக்கலாம். காது குடையிற பட்ஸை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு சவ்வை மட்டும் ஒத்துங்க. மூக்குல தண்ணி போயிரக் கூடாது. நனைஞ்ச சவ்வுல உள்ளது தெரியும். சிவப்பு நரம்பு தெரிஞ்சா அதோட நிறுத்தி, திரும்ப உள்ள வச்சிருங்க. நாலஞ்சு மணி நேரம் கழிச்சுப் பார்ப்போம். நரம்பு இல்லையா, அகலமான பக்கத்து ஓட்டைச் சுத்திவரச் சில்லுச் சில்லா எடுங்க. கீழ்ப்பாதியைத் தொடாதீங்க, அதை அது உதைச்சே வரட்டும். தொப்புள்ல ஏதாவது ஒட்டியிருந்தா இழுக்காதீங்க. வயித்துல மஞ்சக்கரு இருக்கு, ரெண்டு நாள் தீனி இல்லாமலே தாங்கும்.

ஒரு ஈட்டுல ஒண்ணு ரெண்டு இப்படித் திணறினா குஞ்சோட பலவீனம்னு விட்டுரலாம். பாதி முட்டை திணறுதுன்னா முதல் 18 நாள்ல நம்ம பக்கம்தான் ஏதோ கோளாறு. சூடு 37.5 டிகிரியில நிக்குதான்னு பாருங்க. அதைவிட நம்ம கடற்கரையில ஈரம்தான் பெரிய வில்லங்கம். மேகாத்து அடிக்கிற ஆனி, ஆடியில பாத்தியில உப்பு விளையிற மாதிரியே முட்டைக்குள்ள இருக்கிற ஈரமும் வேகமா வத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில வத்தவே வத்தாது. குஞ்சு பிசுபிசுத்து உள்ளயே மூச்சு முட்டும். மேற்கே உள்ள ஊர்க்காரர் வீடியோவுல சொன்ன அளவுக்கு நீங்களும் தண்ணித் தட்டை நிரப்பினா சரிப்படுமா? நான் நம்புறது தராசைத்தான். 45 கிராம் முட்டை 18ஆம் நாள் அஞ்சு, அஞ்சரை கிராம் குறைஞ்சிருக்கணும். குறையலைன்னா அடுத்த ஈட்டுக்குத் தண்ணியைக் குறைங்க; ரொம்பக் குறைஞ்சிருந்தா கூட்டுங்க. கடைசி மூணு நாள் மட்டும் ஈரம் 65, 70 சதவீதம் இருக்கட்டும், முட்டையை உருட்ட வேணாம்.

இன்னொண்ணு, கை கொடுத்து எடுத்த குஞ்சோட கால்ல ஒரு நூலைக் கட்டி வையுங்க. வளர்ந்தா கறிக்கு ஆகட்டும். அதோட முட்டையை அடைக்கு எடுக்காதீங்க.