இருட்டும் நமக்கு ஒரு செல்வம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"எங்க தோட்டத்துல என்ன இருக்கு டீச்சர்? பொழுது சாஞ்சா ஒரே இருட்டு" என்று பெற்றோர் சிலர் சொல்வதுண்டு. அந்த இருட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். நாம் குறை என்று நினைக்கும் இருட்டைத் தேடி ஒரு விஞ்ஞானி மலைக்காட்டுக்குப் போனார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் படிக்கும்போது இரவு வானத்தைப் படம் பிடித்தார். அந்தப் படத்தில் புதிய வால்நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21 தான்!

தாயகம் திரும்பிய பாப்பு, 1960-இல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். நட்சத்திரங்களை ஆராய இருண்ட வானம் வேண்டும், தெற்கு வானமும் நன்றாகத் தெரிய வேண்டும். அதற்காக அவர் தேர்ந்தெடுத்த இடம், தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள். பாப்பு 1982-இல் மறைந்தார். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, நம் ஜொகூருக்கு வருவோம். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரிவதில்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. விளக்கொளி மிக மிஞ்சிய நாடு என்று அது காட்டுவது, பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் சிங்கப்பூரை! அங்குள்ள பிள்ளைக்குக் கிடைக்காத வானம், செம்பனைக்கு நடுவில் வாழும் நம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. காவலூரைவிட நாம் பூமத்திய ரேகைக்கு இன்னும் பக்கம். ஆகவே தெற்கு வானம் நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மாணவர்களே, அதைப் படம் பிடிக்க அப்பாவின் கைப்பேசி போதும். ஜூலை மாதம், அமாவாசையை ஒட்டி, மேகமில்லாத இரவில் பத்து மணிவாக்கில் தெற்கே பாருங்கள். விருச்சிகம் தேள் வடிவில் உயரத்தில் நிற்கும், பக்கத்திலே பால்வீதி. கைப்பேசியை அசையாமல் செங்கல்லில் சாய்த்து வையுங்கள். ஒளி விழும் நேரத்தைப் பதினைந்து விநாடி வையுங்கள். அதற்கு மேல் போனால், பூமி சுழல்வதால், நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுக்கும். கை பட்டு ஆடாமலிருக்க, மூன்று விநாடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். மங்கில் பால் சொட்டுச் சொட்டாகச் சேர்வதுபோல் படத்தில் ஒளி சேரும். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமும் தெரியும். ஆனால் ஒன்று: தனியாகச் செம்பனைக் காட்டுக்குள் போகாதீர்கள். பாம்பு இருக்கும், யானையும் வரலாம். பள்ளித் திடலில், பெரியவர் துணையோடு எடுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. விடியுமுன்னே மரம் வெட்டப் போன தாத்தா பாட்டிகளுக்கு விடிவெள்ளியும் கார்த்திகையும் நல்ல பழக்கம். அந்தப் பெயர்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வாசல் விளக்குக்கு ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்புங்கள். பாதைக்கும் வெளிச்சம் குறையாது, வானமும் கெடாது.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. நம் பிள்ளைகளும் படித்துப் பட்டணம் போவார்கள், போகட்டும்! ஆனால் "ஒண்ணுமில்லாத எடத்துலேருந்து வந்தேன்" என்று தலைகுனிந்து போகக் கூடாது. பால்வீதி தெரியும் ஊரிலிருந்து வந்தேன் என்று சொல்லட்டும், தாங்கள் எடுத்த படத்தையும் காட்டட்டும். அடுத்த பரிசளிப்பு விழாவில் இந்தச் சுவரில் அந்தப் படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.