பண்டிகைப் பந்தியில் பதிர்ப்பேணி



இராமகுப்பத்தில் வாழும் நாம் மூன்று மொழிகளின் நடுவே அடுப்பு மூட்டுகிறோம். நாம் பதிர்ப்பேணி என்பதைக் கன்னடத்தார் சிரோட்டி என்பர். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம் குப்பம் பகுதியோ ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பது தெலுங்கு. ஏடு, சுருள், பதம் என்ற தமிழ்ச் சொற்களை அவர்கள் எங்கே கேட்பர்? பேணி இடும் பலகையருகே அன்றோ!

மைதாவை நெய்யிட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்தல் வேண்டும். ஐந்து மெல்லிய வட்டங்களாகத் தேய்த்து, நெய்யில் குழைத்த அரிசிமாவை ஒவ்வொன்றின் மீதும் தடவி அடுக்கி, பாய்போல் இறுகச் சுருட்டித் துண்டிடுக. வெட்டுவாய் மேலே தெரிய வைத்து மெல்லத் தேய்த்தால் போதும். பலங்காட்டினால் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். நெய்ப்பூச்சு ஏடுகளை ஒட்டவிடாது; சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகி அவற்றை விரிக்கும். தீ தணிந்திருக்க வேண்டும். சிவந்த பேணியைப் பேணி என்று நாம் ஒப்புவதில்லை!

ஒருவர் தேய்க்க, ஒருவர் தடவ, ஒருவர் பொரிக்க வேண்டிய வேலை இது. தனியே முடியாதென்று சிலர் கடையில் வாங்குகின்றனர். பல கை வேண்டுவதாலேயே இதை வீட்டில் செய்யுங்கள் என்கிறோம். தீபாவளிக்கு முதல்நாள் மாலை, அரிசிமாவு தடவும் பணியைச் சிறுவர்க்கே விடுங்கள்.

பொடித்த சர்க்கரையைத் தூவி வையுங்கள். பாதாம்பாலை மட்டும் இலையில் பரிமாறிய பின்னரே ஊற்றுங்கள். முன்னரே ஊற்றினால் மொறுமொறுப்புப் போய்விடும்.