ராணி எறும்பின் வயிற்றில் என்ன?



மழைக்குப் பின் பிடித்த ராணிக் கட்டெறும்பு ஒன்றை எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சோதனைக்குழாயில் வளர்த்தார்கள். அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு. முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை ராணிக்கு இரை தேவையில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. முட்டை மட்டும் இல்லை. ஒரு நாள் காலையில் ராணி செத்துக் கிடந்தது. பக்கத்தில், அதைவிடப் பல மடங்கு நீளத்தில், வெள்ளை நூல் போல ஒரு புழு!

பொறுப்பிலிருந்த மாணவன் யாருக்கும் தெரியாமல் சர்க்கரைத் தண்ணீர் வைத்திருக்கிறான். "நீதான் கொன்னுட்டே" என்றது வகுப்பு.

குதிரைமுடிப் புழுவோ? அது பெரும்பாலும் பழுப்பாக, விறைப்பாக இருக்கும். வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சிகளில் வளரும். இதுவோ வெண்மை, வழவழப்பு. மெர்மிதிட் குடும்பத்து உருளைப்புழு என்று முடிவுசெய்தோம். இனப்பெயர் சொல்வது நம் பள்ளி லென்சால் ஆகிற காரியமல்ல.

வயிறு பெருத்த சில எறும்புகளைத் தனிவகை என்றே அறிவியலாளர் கருதிவந்தனர். உள்ளே இத்தகைய புழு சுருண்டிருப்பதை வீலர் 1901இல் காட்டினார். லாசியஸ் எறும்புகளில் இது நுழையும் வழியும் தெரியும்: மண்ணில் வாழும் சிறு புழுக்களில் தங்கி, அவற்றை இரையாகப் பெறும் எறும்பு லார்வாக்களுக்குள் போகிறது. எங்கள் குழாயில் மண்ணே இல்லை. ராணி, பிறந்த கூட்டிலேயே அதைப் பெற்றிருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் 'சர்க்கரைத் தண்ணீரால் இறந்தது' என்ற வரியை அந்த மாணவனே அடித்து, தேதியிட்டுத் திருத்தினான்.