யார் யாரோடு பேசுவது?

(படிப்பக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதவெறிக்குப் படிப்புதான் மருந்து என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். நான் வங்கியில் குமாஸ்தா. பக்கத்துக் கவுண்டர்க்காரர் ரெண்டு டிகிரி முடிச்சவர். பர்தா போட்ட அம்மா செலானை நீட்டினா அவர் முகம் சுருங்குறதை தினமும் பார்க்குறேன். கைநாட்டு வைக்கிற என் அம்மாவோ பாய் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிச்சு வளர்ந்தவ. ஆக, எந்தப் படிப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர். பழிக்குப் பழி. செத்ததெல்லாம் சாதாரண சனங்கள்.

இப்படி எங்காவது நடந்து முடிந்ததும் நல்லிணக்க மேடை போடுகிறார்கள். ஒரு ஆதீனம், ஒரு ஆயர், ஒரு இமாம். சால்வை மாற்றிக்கொள்கிறார்கள். கல்லெடுத்தவனும் மேடையில் இல்லை, கல்லடி பட்டவனும் இல்லை.

என் சித்தி மகன் பத்தாவதோடு நின்றவன். ஊர்க் கோயில் வாசலைத் தாண்ட முடியாதவன். சதுர்த்தி ஊர்வலத்தில் மட்டும் அவனுக்கு முதல் வரிசை. அன்றைக்கு 'நீ இந்து' என்றவர்கள், மறுநாள் டீக்கடையில் அவன் சாதியை ஞாபகப்படுத்துகிறார்கள். கேஸ் வந்தா உள்ளே போறதும் அவன்தான்.

மற்ற இடங்களும் சுத்தமில்லை. மதம் மாறிப்போன நம் சனத்துக்குத் தனிக் கல்லறை ஒதுக்கிய ஊர்கள் இங்கே உண்டு. அதையும் பேசாமல் என்ன உரையாடல்?

அண்ணல் 1935இல் இயோலாவில் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று அறிவித்தார். 1956இல் நாக்பூரில் பவுத்தம் ஏற்றார். இடையில் 21 ஆண்டுகள். வாசித்தார். சீக்கியரோடும் மற்றவர்களோடும் பேசினார். மதங்களிடம் சமத்துவத்துக்குக் கணக்குக் கேட்டார். லட்சக்கணக்கானோர் அவரோடு வந்தார்கள். யார் வீட்டையும் கொளுத்தச் சொல்லவில்லை. படிப்பு, உரையாடல் இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்.

நம்ம படிப்பகத்தில் ஞாயிறுதோறும் சேரிப் பிள்ளைகளும் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரட்டும். உங்க சாமி பெருசா எங்க சாமி பெருசா என்கிற பேச்சு வேண்டாம். 'உங்க இடத்துல எனக்கு எங்க இடம்?' என்பதில் தொடங்கட்டும். அடுத்தவனைக் கேட்கும் முன் அவரவர் மதத்தை அவரவர் கேட்கட்டும்.

போன வாரம் சித்தி மகனைக் கூப்பிட்டேன். வர்றேன்னான். இன்னும் வரல. திரும்பவும் போய்க் கூப்பிடுவேன்.

ஜெய்பீம்.