முகம் தெரியும், ஆள் வேறு

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனுடன் இணைந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, விபத்தில் தலையில் அடிபட்டபின், பெற்றோரை நேரில் கண்டால் அவர்களைப் போலவே தோற்றமுள்ள போலிகள் என்று சாதித்த ஓர் இளைஞரைப் பற்றியது. 1923இல் ஜோசப் காப்கிரா விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் இவ்வரிய மாயநம்பிக்கையில், அதாவது எச்சான்றுக்கும் அசையாத பொய் உறுதியில், முகத்தை இனங்காணும் திறன் கெடுவதில்லை. அத்திறனுக்கும் உணர்ச்சியை எழுப்பும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதிக்கும் இடையிலான தொடர்பே அறுந்திருக்கலாம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். பெற்றோரின் படத்தைக் கண்டும், உணர்ச்சி எழுகையில் வியர்வையால் தோலில் நிகழும் மின்மாற்றம் அவ்விளைஞருக்கு உயரவில்லை. தொலைபேசியில் கேட்ட குரலையோ அவர் ஐயமின்றி ஏற்றார் என்பதால், செவிவழிப் பாதை தப்பியிருந்தது போலும். எனினும் உணர்ச்சி எழாமை மட்டும் போதாது, நம்பிக்கைகளைச் சோதிக்கும் வலது நெற்றி மடலும் பழுதுற்றிருக்க வேண்டும் என்பர் வேறு ஆய்வாளர்.