கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இல்லை
(பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்று லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்திலிருந்து வீட்டுப் பொறுப்பாளர் உவமையைக் கேட்டோம். தலைவரின் உடைமைகளைப் பாழாக்குகிறார் என்று அவர்மீது புகார் வருகிறது. தலைவர் அவரைக் கூப்பிட்டு முதலில் கேட்பது கணக்கு. அதற்குப் பிறகு அந்த மனிதர் எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்பித்தார் என்பதிலேயே வழக்கமாக நம் கவனம் போய்விடும். இன்று நாம் அந்த முதல் கேள்வியிலேயே சற்று நிற்போம்.

மானாம்பதியிலும் சுற்றுப்பட்டிலும் வாழும் நமக்குக் கணக்குக் கேட்பது புதிய பாடம் அல்ல. பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அது கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அந்தக் கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் யாருடைய பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஏரி வாரியத்திலோ தோட்ட வாரியத்திலோ இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவுகளைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். ஒருமுறை பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டுகள் ஒதுங்கி இருக்கவும் வேண்டும்.

அந்தக் குடத்தில் நிலமுள்ள, வேதம் கற்ற ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. உழுத நம் முன்னோரின் பெயரும் இல்லை, பெண்களின் பெயரும் இல்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச நமக்கு மனம் வரவில்லை. என்றாலும், கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்ற அந்த விதி நல்ல விதி.

விளையாட்டைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தக் கல்வெட்டு எதற்கு என்று நினைப்பீர்கள். ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இதே விதிக்காகத்தான் இந்தியா உலகத்தின் முன் தலைகுனிந்து நின்றது. 2012 டிசம்பரில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. சங்கத்தின் தேர்தல் முறை சரியில்லை என்பது புகார். பிறகு, குற்றச்சாட்டுப் பதிவு செய்யப்பட்டவர்கள் பொறுப்புக்குப் போட்டியிடக்கூடாது என்றும் அது வற்புறுத்தியது. 2014 பிப்ரவரியில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். தவறு நிர்வாகிகளுடையது; கொடியை இழந்தவர்கள் விளையாட வந்த பிள்ளைகள்.

2025 ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டுச் சங்கங்களைக் கண்காணிக்க ஒரு வாரியமும், வழக்குகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயமும் அமைக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கும் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கும் இடம் தர வேண்டும். வரவேற்கிறோம். 2023இல் நம் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தர் வீதியில் உட்கார்ந்து நியாயம் கேட்டதைப் பார்த்த எவரும் இது சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் பணக் கணக்கையும் பதக்கக் கணக்கையும் சரிபார்த்தால் போதுமா? மனிதருக்கு யார் கணக்குச் சொல்வது?

சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பார்ப்போம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஓடி முடித்தபின் பாலினச் சோதனை என்று அழைத்துப் போனார்கள். ஊர் திரும்பிய சில நாளில், அதில் தேறவில்லை, பதக்கம் பறிக்கப்படுகிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில்தான் அவர் அறிந்தார். அவர் ஊக்கமருந்து உட்கொள்ளவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறவியிலேயே அமைந்த உடல் அது. மருத்துவர் அறைக்குள் மெதுவான குரலில் சொல்ல வேண்டியதை நாடு முழுவதும் தேநீர்க் கடைகளில் பேசியது. சாக நினைக்கும் அளவுக்கு அந்தப் பெண் நொறுங்கிப் போனார்.

ஆனாலும் அவர் செய்ததைக் கேளுங்கள். தமிழக அரசு அளித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசுப் பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். 2012இல் அவர் சூளையில் கூலி வேலை செய்வதைப் பத்திரிகைகள் எழுதின. செங்கல் சூளையின் வெக்கையை நம் வாரத்தில் பலர் அறிவார்கள். அதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்றுநர் பணி கிடைத்தது. பத்து ஆண்டுகள்! ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இதே போன்ற சிக்கல் வந்தபோது நாடு அவருக்குத் துணை நின்றது. விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் வழக்காடி 2015இல் அவர் மீண்டும் ஓடினார். சாந்தியின் பதக்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

டெல்லியையும் தோகாவையும் பேசிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் பொங்கலையொட்டி ஒரு கபடிப் போட்டி. நம் பிள்ளைகளின் அணியும் ஆடியது. அரையிறுதியில் ஒரு பையனுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. நாம் என்ன செய்தோம்? ஸ்பிரே அடித்து, துணியால் இறுகக் கட்டி, "ஒரு அரை மணி நேரம் தாக்குப்பிடிடா தம்பி" என்று மீண்டும் களத்தில் இறக்கினோம். ஜெயித்தோம். கோப்பை இன்றும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. திருவிழாவுக்கு வருபவர்களுக்குக் காட்டுகிறோம். அந்தப் பையன் இப்போதும் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான். வைத்தியச் செலவு அவன் அம்மாவின் தலையில் விழுந்தது. போட்டிக்கு வசூலித்த நன்கொடைக்கு ரசீது இருந்தது, வரவு செலவும் வாசித்தோம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்த முழங்கால் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

திருத்தூதர் பவுல் கொரிந்து நகர மக்களுக்கு ஓட்டப்பந்தயத்தை உவமை காட்டி எழுதினார். அவ்வூருக்கு அருகிலேயே பெரிய விளையாட்டு விழா நடந்துவந்தது. வென்றவனுக்குக் கிடைத்தது வாடிப்போகும் ஓர் இலை மகுடம். வாடும் என்று தெரிந்தே அதைப் பவுல் சுட்டிக்காட்டுகிறார். நம் அலமாரிக் கோப்பையின் முலாமும் கறுத்துவிட்டது.

இவ்வாண்டு பொங்கல் போட்டிக்கு இளையோர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது மூன்றே காரியம். பிறந்த தேதியைத் திருத்தி யாரையும் இறக்க வேண்டாம். அடிபட்ட பிள்ளை மறுபடி இறங்கலாமா என்பதைக் களத்தில் இருக்கும் செவிலியர் சொல்லட்டும். அணித்தலைவரும் சொல்ல வேண்டாம், நாமும் சொல்ல வேண்டாம். பெண் பிள்ளைகள் பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் போகும்போது ஒரு தாயாவது உடன் போகட்டும். வசூலில் முதல் பங்கு வைத்தியத்துக்கு என்று எழுதி வையுங்கள், பந்தலும் ஒலிபெருக்கியும் பிறகு. எண்ணிப் பார்த்தால் நான்காகிவிட்டது, பரவாயில்லை.

அந்தப் பையனின் வீட்டுக்கும் இந்த வாரம் போகிறோம். தாமதம்தான்.

செபிப்போம். ஆண்டவரே, இன்று மாலை வெறுங்காலோடு ஏரிக்கரையில் ஓடும் எம் பிள்ளைகளைப் பாரும். அவர்களை எம்மிடம் ஒப்படைத்திருக்கிறீர். நீர் கணக்குக் கேட்கும் நாளில் நாங்கள் முழுப் பெயர்ப் பட்டியலோடு உம்முன் நிற்க அருள்தாரும். ஆமென்.