தம்பிமாரின் வில்: உள்நாட்டுப் போரும் அரங்கும்



உள்நாட்டுப் போர்க்கால அரங்கு என்றதும் நமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வரும். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ அங்கே மேடையேறியது. போரின் நடுவே, அதில் சிக்கியிருந்த மக்களின் முன்னாலேயே நடந்த நாடகம் அது. ஆனால் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையில் நின்று பேசும்போது இந்த மண்ணில் நடந்த போரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1729இல் வேணாட்டு மன்னர் ராமவர்மா இறந்தார். மருமக்கள்தாய முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் போனது. ராமவர்மாவின் மக்களான பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் அதை எதிர்த்தார்கள். வலிமைமிக்க பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். பப்புத்தம்பி திருச்சிராப்பள்ளி வரை போய் நாயக்கர் படையின் உதவியைக் கேட்டார். அழகப்ப முதலியார் தலைமையில் வந்த படை பொருள் பெற்றுக்கொண்டு திரும்பிவிட்டது. தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் குடும்பத்துப் பெண்களையும் குழந்தைகளையும் மன்னரின் ஆட்கள் துறையேற்றினார்கள், அதாவது கடற்கரைக்காரர்களிடம் விற்றுவிட்டார்கள்.

வென்றவருக்கு நினைவுச் சின்னம் நெய்யாற்றின்கரையிலேயே இருக்கிறது. எதிரிகளுக்குத் தப்பி மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரமான அம்மச்சிப் பிலாவை எல்லோரும் அறிவோம். 1891இல் சி. வி. ராமன் பிள்ளையின் நாவல் அவரை நாயகனாக்கியது. 1933இல் அந்த நாவல் மௌனப் படமாகவும் வந்தது.

தோற்றவர்களுக்குக் கிடைத்தது வில்லுப்பாட்டு. தம்பிமார் கதையை வில்லடித்துப் பாடும் புலவர் பட்டத்துரிமை வழக்கை முன்னால் வைப்பதில்லை. தங்கை கொச்சுமணியை மன்னர் பெண் கேட்டதையும், அவள் பெறும் பிள்ளைக்கே பட்டம் வேண்டும் என்று அண்ணன்மார் நிபந்தனை போட்டதையும்தான் பாடுகிறார். அண்ணன்மார் மாண்டதும் அவள் நாக்கைப் பிடுங்கி உயிர்விடுகிறாள். நடந்தது அப்படித்தானா என்று வரலாற்றாசிரியர் கேட்பார், கேட்க வேண்டியதும்தான். என் கேள்வி வேறு. அரசியல் கொலையை வீட்டுக்குள் நேர்ந்த அநீதியாகப் பாடியதால்தான், அரசனின் ஆட்சிக்குள்ளேயே அதைப் பாட முடிந்ததோ? அப்படித்தான் என்று நினைக்கிறேன். கோயில் கொடை விழாவில் தெய்வத்தின் கதையாகப் பாடப்படும் ஒன்றை அரண்மனை தடுப்பது எளிதாக இருந்திருக்காது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறவிகளின் கதைகள் என்றும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள் என்றும் இருவகையைப் பிரித்துக் காட்டினார். 1988இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே பிறப்பும் இறப்பும் இருக்கின்றன. சாவுக் கட்டம் வரும்போது உடுக்கையும் குடமும் வேகமெடுக்கும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். வெட்டுண்டவன் ஊர் நடுவே எழுந்து நிற்பான். கூடியிருப்பவர்கள் அங்கே வெறும் பார்வையாளர்கள் அல்லர், அந்தச் சாவுக்குச் சாட்சிகள். அரங்கு அரசியலுக்குச் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. கட்சிக்கொடி பிடிக்கும் நாடகம் தன் காலத்தில் பலம் பெறும். வழக்காடவே இடம் கிடைக்காத செத்தவனுக்குத் தலைமுறைதோறும் வாய் கொடுப்பது சடங்கரங்கு.

இந்தப் பாட்டு வாழும் நிலத்தையும் பின்னால் எல்லைக்கோடு பிரித்தது. தமிழகத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பாட்டு அந்தப் பக்கம் வில்லுப்பாட்டாகவும் இந்தப் பக்கம் தெக்கன் பாட்டாகவும் பெயர் பெற்றது. பாட்டின் மொழி எந்த மாநிலத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லை என்பதால், இரு பக்கத்துக் கல்வி நிலையங்களும் இதைத் தம் ஓரத்துச் சரக்காகவே நடத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வில்லுப்பாட்டு ஏடோ கைப்பிரதியோ இருந்தால் அடுப்படிப் பரணில் விட்டுவிடாதீர்கள். பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் இந்தக் கொடைக் காலத்திலேயே அவர் குரலை முழுக் கதைக்கும் பதிவு செய்து, ஊர் நூலகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள்.